மணி அடிக்காமல் உருட்டிய சைக்கிள்

இப்போது நடைபாதையில் மோட்டார் சைக்கிளே ஏறிப் போகிறது. பின்னால் வந்து காது கிழிய ஹாரன் அடிக்கிறான். நாம் ஒதுங்க வேண்டுமாம். போன வாரம் கடற்கரைச் சாலையில் ஒரு பையன் என் முழங்கையை உரசிக்கொண்டு போனான். மூலையில் நின்ற போலீஸ்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், இதே இடத்தில் சைக்கிளை மிதித்ததற்காக எங்கள் அப்பாவுக்கு வேலை போயிற்று, தெரியுமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பார்.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் வயசுக்காரர்கள். யுத்த காலத்தில் தூத்துக்குடியில் பாவாடை கட்டித் திரிந்தவர்களுக்கு ரேஷன் அரிசியின் மக்கல் நாற்றத்தையும், பட்டாள லாரிகள் போனால் வீட்டுச் சுவர் அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்வதையும் நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை உங்களில் யாருக்கும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கும் சொன்னதில்லை.

அப்பா தந்திச் சேவகர். யுத்தத்தில் தந்திகள் பெருகிப்போனதால் தற்காலிகமாக எடுத்த ஆட்களில் ஒருவர். சொந்தமாகச் சைக்கிள் வைத்திருந்ததால்தான் அந்த வேலையே கிடைத்தது. பேரில் ஒரு குற்றமும் ஏறாமல் இருந்தால் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று போஸ்ட்மாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மா அந்த 'நிரந்தரம்' என்ற வார்த்தையை ஜெபத்திலேயே சேர்த்துவிட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடினால் யேசுவுக்கு அடுத்தபடி அதுதான் வரும்.

தந்தி என்றாலே அன்று சாவுதான் நினைவுக்கு வரும். ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் கப்பலிலும் கொழும்பிலும் இருந்தார்கள். ரங்கூன் போனவர்கள் பாடு யாருக்கும் தெரியாது. தந்தி இங்கிலீஷில் வரும். உள்ளே இருக்கிற குமாஸ்தா உறையை ஒட்டும்போதே நல்லதா கெட்டதா என்று அப்பாவிடம் கண்ணால் சொல்லிவிடுவார். அது விதிக்கு விரோதம்தான். ஆனாலும் கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிய வேண்டாமா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா ஒரு சாவுத்தந்தியை எடுத்துக்கொண்டு வேகமாக மிதித்துப் போயிருக்கிறார். இத்தனை வேகமாக வருகிறவன் நல்லதுதான் கொண்டுவருவான் என்று அந்த வீட்டுத் தாய் சிரித்த முகமாக வாசலுக்கு ஓடிவந்தாளாம். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கெட்ட சேதி என்றால் தெருமுனையிலேயே இறங்கிவிடுவார். வீடுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவார்.

"எழவு சொல்லப் போறவன் உக்காந்துக்கிட்டா போவான்?" என்பார்.

யாரிடமும் அவர் சொல்லிவைக்கவில்லை. ஊர் தானாகவே கற்றுக்கொண்டது. தந்திக்காரர் மிதித்து வந்தால் சுகம், உருட்டி வந்தால் சாவு.

கடற்கரைச் சாலையில்தான் அன்று நடைபாதை என்று ஒழுங்காக ஒன்று இருந்தது. துரைமார் ஆபீசுகளுக்காக ஒரு சாண் உயரத்தில் கல் பாவியிருந்தார்கள். ஆபீசுகளும் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகளும் முடிந்த பிறகு மாடி வீடுகள் வரிசையாக வரும். கிட்டங்கி வாசலில் சங்கு நாற்றம், அதைத் தாண்டினால் பஞ்சுப் பொதியின் எண்ணெய் வாடை, வீடுகள் தொடங்கினால் பொரித்த மீன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவேன். ரோட்டை லாரிகள் உழுது போட்டிருந்தன. செப்பனிடுகிறோம் என்று கப்பிக்கல்லைக் கொட்டினார்கள். மேலே உருட்ட ரோலர் வரவேயில்லை. அந்தக் கூர்க்கல்லில் சைக்கிளை விட்டால் டயர் கிழியும். புது டயருக்குப் பெர்மிட் வேண்டும். அதெல்லாம் நம் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? ஆகவே ஊர்ச் சைக்கிள் முழுக்க நடைபாதையில் ஏறிவிட்டது.

ஒருநாள் எவனோ ஒருவன் நடைபாதையில் ஒரு துரைமேல் மோதி அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதோடு பிடித்தது சனி. புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் நடைபாதையில் சைக்கிள் மிதித்தால் கேஸ் என்று உத்தரவு போட்டார். முதலில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு வால்வு ரப்பரை உருவிக்கொண்டார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றதும் சைக்கிளோடு ஸ்டேஷன்.

அந்த மூலையில் நின்று பிடிக்க வேண்டிய கான்ஸ்டபிள் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர். நான் அவரைப் போலீஸ் மாமா என்பேன். கஞ்சி போட்ட சிவப்புத் தலைப்பாகையும் முழங்காலுக்கு மேலே நிற்கும் காக்கி டவுசருமாக அவர் தெருவில் இறங்கினால் நாய்கூட எழுந்து நிற்கும். வீட்டுக்குள் பரம சாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் தரையில் கரிக்கோடு போட்டு அப்பாவோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒருத்திக்கு வயிற்றுவலி என்றால் இன்னொருத்தியும் பள்ளிக்கூடம் போகமாட்டாள்.

அப்பாவை முதலில் பிடித்ததும் அவர்தான். சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், மாமா என்ன செய்வார்? அப்பா, இது அவசரத் தந்தி, சர்க்கார் வேலை என்றார். சப்-இன்ஸ்பெக்டர், நானும் சர்க்கார் வேலைதான் பார்க்கிறேன் என்றார். தந்திச் சேவகனுக்கு நடைபாதையில் விலக்கு உண்டா இல்லையா என்று தபாலாபீசிலும் தெரியவில்லை, ஸ்டேஷனிலும் தெரியவில்லை. போஸ்ட்மாஸ்டர் ஒரு கடிதம் கொடுத்தார். பெஞ்சுக் கோர்ட்டில் மூன்று பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து அதை மாற்றி மாற்றிப் படித்தார்கள். கடைசியில், நடைபாதை நடக்கிறவனுக்கு, சைக்கிளை உருட்டிப்போனால் நீயும் நடக்கிறவன், ஏறி உட்கார்ந்தால் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். இந்த முறை எச்சரிக்கை. மறுமுறை தண்டனை போட்டு ஆபீசுக்கும் எழுதிவிடுவோம் என்றார்கள். தண்டனை பேரில் ஏறினால் வேலை இல்லை என்பது எங்கள் வீட்டில் எனக்குக்கூடத் தெரியும்.

வெளியே வரும்போது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. உருட்டினால் போதுமே, காலா தேய்ந்துவிடும் என்றாள்.  உருட்டுவதற்கு ஊரில் என்ன அர்த்தம் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும்.

அந்த வாரமே நடந்துவிட்டது. மாடி வீட்டு வரிசையில் ஒரு காயல்பட்டணத்துக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. கொழும்பில் பேரன் பிறந்திருக்கிறான் என்று அவர்களுக்குத் தந்தி. அப்பா நடைபாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்பதற்குள் உள்ளே ஓலம் கிளம்பிவிட்டது. "நல்ல சேதிம்மா, நல்ல சேதி" என்று இவர் கத்துகிறார், யார் நம்புவார்கள்? சாவு சொல்ல வருகிறவனும் முதலில் ஒன்றுமில்லை, நல்ல சேதிதான் என்றுதானே ஆரம்பிப்பான். அந்த வீட்டுப் பெரியம்மா மயங்கி நிலைப்படியில் விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. பேரன் பிறந்த சேதியை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடுபுலி ஆட்டத்தில் அப்பா காயை நகர்த்தவே இல்லை. மாமாதான் யோசித்துச் சொன்னார்.

"நல்ல சேதின்னா மணிய அடிச்சிக்கிட்டே உருட்டுங்க அண்ணாச்சி. மணி அடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல. வீடு வீடா நானே சொல்லி வச்சிருதேன்."

சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடி செய்தார். அடுத்த நாளே தலைப்பாகையும் தடியுமாக அந்த வரிசை முழுக்க ஏறி இறங்கினார். உருட்டும்போது மணி கேட்டால் சுகம், கேட்காவிட்டால் சாவு. அதன்பிறகு அப்பா வேறு எதற்கும் மணியைத் தொடுவதில்லை. பஜாரில் எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் வாயால்தான் "ஓரம், ஓரம்" என்பார். மணியை நல்ல சேதிக்கென்று நேர்ந்து விட்டுவிட்டார்.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டைவிரலால் தட்டினால் உள்ளே பல்சக்கரம் சுற்றி கிர்ரிங் என்று நீளமாக ஒலிக்கிற பழைய மணி. மூடி பித்தளை. திருகினால் தனியாக வந்துவிடும். கவிழ்த்து வைத்தால் அசல் ஒரு சின்னக் கும்பா. எங்களிடம் இருந்த விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் மண். சோறாக்கி விளையாடும்போது தண்ணீர் ஊற்றினால் ஊறி உடையும். ஒரு பித்தளைப் பாத்திரம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நானும் மாமா மகளும் பேசிப் பேசி ஏங்கியிருக்கிறோம்.

அன்றைக்குக் காலையில் அப்பா உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் வாசலில் நின்றது. நான் மூடியைத் திருகிப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். ஒரே ஒரு உலை வைத்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு பிடி அரிசி அவள் திருடினாள், புன்னைமர நிழலில் மூன்று கல் வைத்தோம். உலை கொதிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. மூடியை அவள் வீட்டு அடுப்படியில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு ஓடினோம். நான் திரும்பிப் பார்த்தபோது எங்கள் வாசலில் சைக்கிள் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடற்கரைச் சாலை வழியாக வந்தோம். வெயில் கல்லில் பட்டுக் கண் கூசியது. மூலையில் மாமாவும் சப்-இன்ஸ்பெக்டரும் நின்றார்கள். அப்பா மூலை திரும்பி வந்து, அவர்களுக்கு எதிரிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, நடைபாதையில் தூக்கி வைத்து உருட்டத் தொடங்கினார்.

மணி கேட்கவில்லை.

முதல் வீட்டில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அடுத்த வீட்டில் ஒருத்தி வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவளைத் தாண்டினார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல். ஒவ்வொரு வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவர் தாண்டியதும் விட்டது. அப்பாவின் கட்டைவிரலை நான் பார்த்துவிட்டேன். அது மணியின் நாக்கைத் தட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே சக்கரம் சுற்றுகிற கரகரப்புத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர் குனிந்து பார்த்தார். பார்த்த அந்த முகம் இன்னும் எனக்குத் தெரிகிறது. மாமா மகள் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

வரிசையின் கடைசி வீட்டு மாடியில் ஒரு அக்கா இருந்தாள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். புருஷன் கப்பலில் போய் ஐந்து மாதமாகக் கடுதாசி இல்லை, கப்பல் மூழ்கிவிட்டது என்று துறைமுகத்தில் பேச்சு. பகல் முழுக்க ஜெபமாலையோடு மாடி முகப்பில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களைக் கண்டால் கொடிக்காய்ப்புளி போடுவாள். அவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள். கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டையும் அப்பா தாண்டியதைப் பார்த்தாள். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்தாள். கீழே முழுக்கக் கப்பிக்கல்.

அப்பா கத்தினார். "நல்ல சேதிம்மா. ஒம் மாப்ள சொகம்." அவள் காதில் விழுந்தது, திரும்பிக்கூடப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள் என்பதுபோல ஒரு பார்வை. அடுத்த காலையும் தூக்கினாள்.

நான் ஓடியிருக்கலாம். மணிமூடியை நான்தான் எடுத்தேன் என்று கத்தியிருக்கலாம். நின்றுகொண்டே இருந்தேன்.

அப்பா ஒரு தடவை திரும்பி மூலையைப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா பெடலில் கால் வைத்து, எம்பி, சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்து மிதித்தார். நடைபாதையில், போலீசுக்கு எதிரில், மிதித்த தூரம் பத்துக் கஜம்கூட இருக்காது, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி மிதித்துப் போனார்.

விசில் ஊதியது. மாடி அக்கா அசையாமல் அவரையே பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்துக்கொண்டு, சுவருக்குப் பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கொழும்பு வந்து சேர்ந்தேன், சுகம் என்று தந்தி. அவ்வளவுதான் அதில்.

மாமா வந்து சைக்கிளைப் பிடித்தார். சப்-இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதினார். அப்பா பெயரை, தகப்பனார் பெயரை, எல்லாம் தெரியாதவர் மாதிரி கேட்டுக் கேட்டு எழுதினார். பெஞ்சுக் கோர்ட்டில் மாடி அக்காவின் மாமனார் வந்து சாட்சி சொன்னார், என் மருமகளின் உயிரைக் காப்பாற்றினார் என்று. அதெல்லாம் சரி, ஏறி மிதித்தாயா இல்லையா என்று மட்டும் அப்பாவைக் கேட்டார்கள். மிதித்தேன் என்றார். மணி என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்டனை பேரில் ஏறியது. மாதம் முடிவதற்குள் ஆபீசில் தந்தித் தோல்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அம்மா ஜெபத்தில் அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். அப்பா உப்பளத்துக்கு உப்பு வாரப் போனார். இரண்டே மாதத்தில் குதிகால் இரண்டும் வெடித்துவிட்டது. அந்த வெடிப்பில் அம்மா மெழுகை உருக்கி ஊற்றும்போது நான் வெளியே போய்விடுவேன்.

இத்தனை நாளும் மூடி விறகுக்குப் பின்னாலேயே கிடந்தது. எடுத்துவர இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. விறகு தீர்ந்தபோது மாமாவின் கண்ணில் பட்டது.

ஒரு சாயங்காலம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தலைப்பாகை இல்லை. பின்னால் அவர் மகள், முகம் பேயறைந்த மாதிரி. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

"அண்ணாச்சி, இது ஒங்க சைக்கிளோடது" என்று நீட்டினார்.

அப்பா அதை வாங்கவில்லை.  "இது எப்படித் தம்பி ஒன் வீட்டுக்கு வந்துச்சு?"

மாமா வாய் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் கண் என்மேல் விழுந்தது. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம், சொல்லாதீங்க என்று. எனக்கு வயது பத்து. ஆட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் தன் மகளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். அப்பாவின் குதிகாலைப் பார்த்தார்.

"நாந்தான் கழத்துனேன் அண்ணாச்சி" என்றார்.

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா மூடியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மாமா போன பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அம்மா அவரைச் சபித்தாள், தெரு அவரைத் தூற்றியது. கேஸ் கணக்குக் காட்டுவதற்காகத் தன்னோடு பழகினவனையே கவிழ்த்தான் என்றார்கள். அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. என்னை வழியில் பார்த்தால் எப்போதும்போல "சாப்டியாளா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனேன். அவர் மகளும் நானும் வேறு வேறு பெஞ்சுக்கு மாறினோம். பிற்காலத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், விலைவாசியைப் பற்றிப் பேசினோம். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

மூடி ஜன்னலிலேயே கிடந்து உப்புக்காற்றில் பச்சை பிடித்தது. யாரும் தொடவில்லை. அந்த வீட்டைக் காலி செய்தபோது அது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

அப்பா படுக்கையில் விழுந்தபோது எனக்கு நாற்பது வயது. மாமா அப்போதும் அதே தெருவில்தான் இருந்தார், பென்ஷன் வாங்கிக்கொண்டு. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். ஒருநாள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்தவர் மூன்றாவது வாயைக் கையால் தடுத்தார்.

"மணிய அடிக்கச் சொன்னவனே அவந்தான. வீடு வீடாப் போயிச் சொன்னவனும் அவந்தான. பெறவு ஏன் கழத்துனான்? நான் அவனுக்கு என்னளா செஞ்சேன்?"

என்னையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

"தெரியலப்பா" என்றேன்.